வலுவான ஈபி எண்ணெய்க்கு மாறிய பிறகு பற்களில் சாம்பல் பட்டை: அடிட்டிவே காரணமாக இருக்குமா?

பல்சக்கரன் | திங்கள், இரவு 9:40

வணக்கம். இத்தனை நாள் இங்கே படித்துவிட்டு மட்டும் போனவன், இன்று ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன்.

என் பொறுப்பில் இரண்டு நிலை ஹெலிகல் கியர்பாக்ஸ் ஒன்று ஓடுகிறது. மெதுவாகச் சுற்றும், பாரம் அதிகம். கேஸ் ஹார்டனிங் செய்து கிரைண்டிங் முடித்த பற்கள். எண்ணெய் விஜி 320 (பாகுத்தன்மை கிரேடு). ஐந்து மாதம் முன்பு அதே கிரேடில், "இதைவிட வலுவான ஈபி" (எக்ஸ்ட்ரீம் பிரஷர், கடும் அழுத்தத்தில் உலோகம் பற்றிக்கொள்ளாமல் காக்கும் அடிட்டிவ்) என்று சொல்லப்பட்ட வேறொரு எண்ணெய்க்கு மாறினோம். நான்கு பந்துச் சோதனையில் பழைய எண்ணெயில் 250 கிலோ பாரத்தில் பந்துகள் வெல்டு ஆயின (ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன), புதியதில் 400 கிலோவில்தான் ஆகின்றன. தாளில் பார்த்தால் எல்லா விதத்திலும் மேல்.

போன வாரம் ஆய்வு மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். பினியன் (ஓட்டும் சிறிய கியர்) பற்களில், பல் உயரத்தின் நடுவாக்கில் வரும் பிட்ச் கோட்டுக்குக் கீழே, சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. நேராகப் பார்த்தால் தெரியவில்லை. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான், மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி மாதிரி அந்த இடம் மட்டும் மங்கித் தெரிகிறது. நகத்தை ஓட்டினால் எதுவும் தட்டவில்லை. டீசலில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தேன், போகவில்லை.

அடிட்டிவ் வலுவாக இருந்தும் பல் ஏன் இப்படி ஆகிறது? கவலைப்பட வேண்டிய விஷயமா?

எண்ணெய்க்கேணி | திங்கள், இரவு 10:15

கவலை வேண்டாம் நண்பரே. ஈபி அடிட்டிவ் வேலை செய்யும்போது பல்லில் நிறம் மாறுவது சகஜம். கந்தகம் இரும்போடு சேர்ந்து இரும்புச் சல்ஃபைடு படலம் உண்டாகும், அது கருஞ்சாம்பலாகத்தான் இருக்கும். இருபது வருடமாக எண்ணெய் விற்பனைப் பக்கம் இருக்கிறேன். வெல்டு பாரம் அதிகமுள்ள எண்ணெயால் பல் கெட்டதாக நான் பார்த்ததில்லை. ஸ்கஃபிங் (பற்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கீறிப்போவது) வந்த பற்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன், அதற்கெல்லாம் ஈபி போதாததுதான் காரணம்.

பழைய ஃபிட்டர் | செவ்வாய், காலை 6:20

தம்பி, படலமாக இருந்தால் பளபளப்பு குறையாது, நிறம்தான் மாறும். நீங்கள் சொல்வது மங்கல். அங்கே பரப்பே சொரசொரப்பாகிவிட்டது என்று அர்த்தம். நாங்கள் இதற்கு "பல் பூத்துப் போச்சு" என்போம். இப்போதைய பெயர் மைக்ரோ பிட்டிங், அதாவது நுண்குழி விழுவது.

பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். தனித்தனிக் குழியாகத் தெரியாது, உப்புத்தாள் தேய்த்த மாதிரித்தான் இருக்கும். இன்னொன்று, பட்டை எல்லாப் பல்லிலும் ஒரே அகலமா? ஒரு ஓரத்தில் மட்டும் இருந்தால் எண்ணெயைத் திட்டுவதற்கு முன் அலைன்மென்ட்டைப் பாருங்கள்.

பல்சக்கரன் | செவ்வாய், இரவு 8:05

ஐயா சொன்ன மாதிரியே லென்ஸில் சொரசொரப்புதான் தெரிகிறது. எல்லாப் பல்லிலும், பல்லின் அகலம் முழுக்க ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஓரம் மட்டும் இல்லை.

தேய்மானவியல் | செவ்வாய், இரவு 10:50

பழைய ஃபிட்டர் ஐயா சொன்னது சரி, அது மைக்ரோ பிட்டிங்தான். உராய்வு, தேய்மானச் சோதனைகள் செய்யும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், ஆகையால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி. எண்ணெய் மாற்றிய அன்று பற்கள் பழையனவா, புதியனவா? பதில் வரும்வரை அடிப்படையைச் சொல்லி வைக்கிறேன்.

இரண்டு பற்கள் தொடும் இடத்தில் அழுத்தம் 1 கிகாபாஸ்கலைச் சாதாரணமாகத் தாண்டும். அதாவது ஒரு சதுர மில்லிமீட்டரில் நூறு கிலோ. இவ்வளவு அழுத்தத்திலும் நடுவே எண்ணெய் இருக்கிறது, ஏனென்றால் அந்த அழுத்தத்தில் எண்ணெயின் பாகுத்தன்மை பல்லாயிரம் மடங்கு ஏறிவிடும். ஆனாலும் மெதுவான கியரில் அந்த எண்ணெய்ப் படலத்தின் தடிமன் 0.2 மைக்ரோமீட்டர் இருந்தாலே பெரிது. கிரைண்டிங் செய்த பல்லின் சொரசொரப்பு 0.4 மைக்ரோமீட்டர் என்று வைத்தால், இரண்டு பரப்புக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 0.57 வரும். 0.2-ஐ 0.57-ஆல் வகுத்தால் 0.35. இதைத்தான் லாம்டா என்கிறோம். 3-க்கு மேல் என்றால் பரப்புகள் ஒன்றையொன்று தொடுவதே அரிது. 1-க்குக் கீழே போனால், கண்ணுக்குத் தெரியாத முகடுகள் ஒவ்வொரு சுற்றிலும் இடித்துக்கொள்கின்றன. அடிட்டிவுக்கு வேலை வருவது அந்த இடியில்தான்.

இந்த வேலையைச் செய்வதில் மூன்று வகை உண்டு. முதலாவது, கொழுப்பு அமிலம் போன்ற முனைவுள்ள மூலக்கூறுகள். இவை உலோகத்தில் ஒட்டிக்கொண்டு புல்தரை மாதிரி நிற்கும். வில்லியம் ஹார்டி 1920-களிலேயே இதை ஆராய்ந்தார். சூடு கூடினால், சாதாரணமாக 150 டிகிரிக்குள்ளேயே, கழன்று போய்விடும். இரண்டாவது, தேய்மானத் தடுப்பு வகை. பாஸ்பரஸ் உள்ளவை, முக்கியமாக இசட்டிடிபி என்ற துத்தநாகச் சேர்மம். இது உரசும் இடத்தில் மட்டும் கண்ணாடி போன்ற பாஸ்பேட் திட்டுகளை வளர்க்கும், தடிமன் சுமார் 100 நானோமீட்டர். மூன்றாவது, ஈபி வகை, பெரும்பாலும் கந்தகம். முகடுகள் இடிக்கும் நொடியில் அந்தப் புள்ளி மட்டும் நூற்றுக்கணக்கான டிகிரி சூடாகிறது. 1937-ல் ஹார்மென் பிளாக் இந்த மின்னல் வெப்பத்தைக் கணக்கிட வழி சொன்னார். அந்தச் சூட்டில் கந்தகம் இரும்போடு சேர்ந்து, வெல்டு ஆவதற்குப் பதில் எளிதாக அறுந்து போகும் ஒரு அடுக்கை உண்டாக்குகிறது.

ஈபி அடிட்டிவ் என்பது கட்டுக்குள் நடக்கும் அரிப்பு. கொஞ்சம் இரும்பைப் பலி கொடுத்துத்தான் பற்றிக்கொள்ளாமல் தப்பிக்கிறோம்.

பல்சக்கரன் | புதன், காலை 7:30

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி அக்கா. முதல் பதிவில் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கியர் செட் புதிது. பழைய செட்டில் ஒரு பல் உடைந்ததால் இரண்டு நிலைக்கும் புதுக் கியர் போட்டோம். "புதுக் கியருக்கு நல்ல எண்ணெயாகவே ஊற்றுவோம்" என்றுதான் அதே நாளில் எண்ணெயும் மாறியது.

இன்னொரு தகவல். பக்கத்திலேயே இதே மாதிரி இன்னொரு கியர்பாக்ஸ், அதே பாரம். அதிலும் அதே வாரம் இந்த எண்ணெய்க்கே மாறினோம். அதில் இருப்பது ஏழு வருடம் ஓடிய பற்கள். நேற்று அதையும் திறந்து பார்த்தேன். பல் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, சாம்பலே இல்லை.

தேய்மானவியல் | புதன், மதியம் 1:10

பல்சக்கரன், நாங்கள் ஆய்வகத்தில் மெனக்கெட்டு ஏற்பாடு செய்யும் ஒப்பீடு உங்களிடம் தானாகவே நடந்திருக்கிறது. அதே எண்ணெய், அதே பாரம். பழகிய பல் தப்பியது, பழகாத பல் பூத்தது.

நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். புதுப் பல் ஓட ஆரம்பித்த முதல் சில மணி நேரத்தில் முகடுகளின் நுனிகள் நசுங்கி, கொஞ்சம் தேய்ந்து மழுங்க வேண்டும். அதுதான் ரன்னிங்-இன். நுனி மழுங்கிவிட்டால் அதே 0.2 மைக்ரோமீட்டர் எண்ணெய்ப் படலமே போதுமானதாகிவிடும். ஆனால் எண்ணெயில் வேகமாகப் படலம் வளர்க்கும் தேய்மானத் தடுப்பு அடிட்டிவ் இருந்தால், அது முதலில் போய் உட்காரும் இடமே அந்த நுனிகள்தான். அழுத்தமும் வெட்டு விசையும் அங்கேதான் அதிகம். படலம் உட்கார்ந்ததும் நுனி தேய்வது நின்றுவிடுகிறது. கூர்மையான முகடுகள் கூர்மையாகவே பாதுகாக்கப்படுகின்றன. பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்த முகடுகள் எதிர்ப் பல்லை ஊசி ஊசியாகக் குத்துகின்றன. லட்சக்கணக்கான சுற்றுக்குப் பிறகு எதிர்ப் பரப்பு களைத்து, பத்து மைக்ரோமீட்டர் அளவில் செதில் செதிலாக உதிர்கிறது. நீங்கள் டார்ச்சில் பார்த்த சாம்பல், அந்தக் குழிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது.

இது என் ஊகம் மட்டும் இல்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 2004-ல் தொடங்கி நடந்த சோதனைகளில், இசட்டிடிபி சேர்த்த எண்ணெயில் தேய்மானம் குறைந்தது, மைக்ரோ பிட்டிங் கூடியது. 2019-ல் அதே இடத்தில் படலம் வளர்வதை ஓட்டத்தின் நடுவிலேயே அளந்து, படலம் எவ்வளவு வேகமாக வளர்கிறதோ அவ்வளவு சொரசொரப்பு மிஞ்சுகிறது, அவ்வளவு குழியும் வருகிறது என்று காட்டினார்கள். எல்லாக் கந்தக-பாஸ்பரஸ் கலவையும் இப்படித்தான் நடக்கும் என்று சொல்ல முடியாது. தொழிற்சாலைக் கியர் எண்ணெய் பலவற்றில் துத்தநாகமே கிடையாது. கலவைக்குக் கலவை முடிவு மாறும். ஆனால் "முதல் மணி நேரங்களில் முகடு மழுங்கியதா இல்லையா" என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஏன் பிட்ச் கோட்டுக்குக் கீழே மட்டும்? பிட்ச் கோட்டில் பற்கள் உருளத்தான் செய்கின்றன, சறுக்கல் இல்லை. ஓட்டும் பல்லில் அதற்குக் கீழே, பரப்பு நகரும் வேகம் எதிர்ப் பல்லைவிடக் குறைவு. உருளும் திசைக்கு எதிராகப் பரப்பு இழுபடுகிறது. அந்த இழுப்பில் விரிசலின் வாய் திறந்து, எண்ணெய் உள்ளே போய், வாய் மூடி, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. எண்ணெய் இல்லாமல் உருட்டினால் குழி விழுவதில்லை என்று 1935-லேயே ஸ்டூவர்ட் வே சோதித்துக் காட்டியிருக்கிறார்.

எண்ணெய்க்கேணி | புதன், மாலை 6:45

மேடம் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது ஈபி குறைந்த எண்ணெயை ஊற்றினால் என்ன ஆகும்? ஸ்கஃபிங் வந்தால் பத்து நிமிடத்தில் பல் போய்விடும். மைக்ரோ பிட்டிங் மாதக்கணக்கில் மெல்ல வருவது, சில நேரம் தானாகவே நின்றும் போகிறது. எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மைக்ரோ பிட்டிங்கைத்தான் எடுப்பேன்.

கார்களின் பின் ஆக்ஸிலில் வரும் ஹைப்பாய்டு கியரை நினைத்துப் பாருங்கள். 1926-ல் பேக்கார்டு கார்களில் அது வந்தபோது, பல் முழுக்க நீளவாக்கில் சறுக்குவதால் அன்றைய சாதாரண எண்ணெய் தாங்கவில்லை. கந்தகமும் குளோரினும் ஈயமும் கலந்து பார்த்துப் பார்த்துத்தான் கார் உலகம் தப்பித்தது. இன்றும் ஜிஎல்-5 (ஈபி அதிகமுள்ள தரம்) எண்ணெய் இல்லாமல் அந்தப் பின் ஆக்ஸில் ஓடாது.

தேய்மானவியல் | புதன், இரவு 9:30

நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. ஹைப்பாய்டுக்கு ஈபி கட்டாயம். வேகமாகச் சறுக்கும், மின்னல் வெப்பம் எகிறும், ஸ்கஃபிங்தான் அங்கே முதல் எதிரி.

ஆனால் பல்சக்கரனின் கியர் மெதுவானது. சறுக்கும் வேகம் குறைந்தால் மின்னல் வெப்பமும் குறையும், ஸ்கஃபிங் ஆபத்தும் குறையும். அதே சமயம் எண்ணெய்ப் படலமும் மெலிகிறது, முகடுகள் இடிப்பது கூடுகிறது. ஆக அங்கே தேய்மானமும் பரப்புக் களைப்பும்தான் எதிரி. நான்கு பந்துச் சோதனையின் வெல்டு பாரம் அந்த எதிரியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அது என்ன சோதனை? அரை அங்குலப் பந்து, 1760 சுற்று, பத்து நொடி, வெறும் சறுக்கல், பற்றிக்கொள்ளும்வரை பாரம் ஏற்றுவது. தேய்மானத்துக்கான மிதமான வகையில்கூட 392 நியூட்டன் பாரத்தில் தொடக்க அழுத்தம் 3.4 கிகாபாஸ்கல் வருகிறது, எந்தக் கியர்ப் பல்லும் பார்க்காத அழுத்தம். ஒரு எண்ணெய்த் தொகுதி மற்றொன்றைப் போலவே இருக்கிறதா என்று சரிபார்க்க நல்ல சோதனை. கியருக்கு எண்ணெய் தேர்ந்தெடுக்க அதை மட்டும் நம்பக் கூடாது.

எஃப்இசட்ஜி என்ற கியர் சோதனை எந்திரத்தில் நிஜக் கியரை வைத்தே செய்யும் சோதனைகள் இரண்டு உண்டு. ஒன்று ஸ்கஃபிங்குக்கு. வினாடிக்கு 8.3 மீட்டர் வேகம், 90 டிகிரியில் தொடக்கம், 12 பாரப் படிகள், படிக்குச் சுமார் 15 நிமிடம். இன்னொன்று மைக்ரோ பிட்டிங்குக்கு, எஃப்விஏ 54 என்று கேட்டு வாங்க வேண்டும். அதில் ஒரு பாரப் படியே 16 மணி நேரம் ஓடும். பல்லின் வடிவம் சராசரியாக 7.5 மைக்ரோமீட்டர் விலகினால் அந்தப் படியில் தோல்வி. முதல் சோதனையில் 12 படியும் தாண்டிய எண்ணெய் இரண்டாவதில் விழுவது உண்டு. ஒன்று நிமிடக் கணக்கில் முடியும் சேதம், மற்றது நூறு மணி நேரத்தில் வளரும் சேதம். ஒரு எண்ணில் இரண்டையும் அடக்க முடியாது.

எண்ணெய்க்கேணி | புதன், இரவு 10:05

எஃப்விஏ 54 எண்ணை வாடிக்கையாளர் யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் தயாரிப்பாளரிடம் கேட்டதில்லை. நாளைக்கே கேட்கிறேன்.

மண்வாரி | வியாழன், காலை 5:50

இடையில் என் கேள்வியும். நான் எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிறேன், பராமரிப்பும் நானே. பக்கெட் முளையும் புஷ்ஷும் சேரும் இடத்தில் ஈபி கிரீஸ்தான் தினமும் அடித்தேன். இருந்தும் ஒரு நாள் கீச்சென்று சத்தம், அப்புறம் முளையைக் கழற்றவே சம்மட்டி தேவைப்பட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் கீறல், நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு உலோகம் அப்பி மேடாக இருந்தது. மறுபக்கம் கைபடாத மாதிரி பளபளப்பு. ஈபி இருந்தும் ஏன் பற்றியது?

தேய்மானவியல் | வியாழன், காலை 8:40

உங்கள் முளை சுற்றுவதில்லை, சில டிகிரி முன்னும் பின்னும் ஆடுகிறது, அதுவும் மிக மெதுவாக. ஒவ்வொரு ஆட்டத்தின் முனையிலும் வேகம் பூஜ்யம். எண்ணெய்ப் படலம் உருவாக வழியே இல்லை. சறுக்கும் வேகம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது மின்னல் வெப்பமும் பெரிதாக வராது. கந்தக ஈபி சூட்டுக்காகக் காத்திருக்கும் மருந்து. சூடு வராமல் அது எழுந்திருப்பதில்லை. அது எழுவதற்கான சூடு வரும்போது, பரப்பு ஏற்கெனவே பற்ற ஆரம்பித்திருக்கும்.

இந்த இடத்துக்குத்தான் திடப் பொருள். மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கிரீஸ், 3 முதல் 5 சதவீதம். அது சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்கான படிகம். அடுக்குக்கும் அடுக்குக்கும் பிடிப்பு மிகக் குறைவு, ஆகவே அடுக்கு அடுக்கோடு வழுக்கும். வேதி வினையும் வேண்டாம், சூடும் வேண்டாம், பாரம் அழுத்தினால் போதும். ஆனால் வேகமாகச் சுற்றும் உருளை பேரிங்குக்கு இதே கிரீஸை அடித்துவிடாதீர்கள். அங்கே அந்தத் துகள்களுக்கு வேலை இல்லை.

பழைய ஃபிட்டர் | வியாழன், காலை 9:15

மண்வாரி தம்பி, கிரீஸ் அடிக்கும்போது பக்கெட் தரையில் ஊன்றி இருந்ததா, தொங்கினதா? எந்தப் பக்கம் பாரம் உட்காருகிறதோ அந்தப் பக்கம் கிரீஸ் ஏறவே ஏறாது. பாரத்தை மாற்றி மாற்றி வைத்து அடிக்க வேண்டும். ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் கீறல் என்று நீங்கள் சொன்னபோதே எனக்கு அதுதான் தோன்றியது. மாலி கிரீஸும் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் காப்பாற்றும்.

மண்வாரி | வியாழன், மதியம் 12:30

எப்போதும் ஒரே நிலையில் நிறுத்தித்தான் அடிப்பேன் ஐயா. புரிந்துவிட்டது.

சுழல்விசை | வியாழன், இரவு 7:20

வொர்ம் கியரில் வெண்கலச் சக்கரம் இருந்தால் இந்த வலுவான ஈபி எண்ணெயைப் போடலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். கடையில் குப்பியில் விற்கும் அடிட்டிவை இருக்கிற எண்ணெயிலேயே கலந்தால் வேலை ஆகாதா?

தேய்மானவியல் | வியாழன், இரவு 9:00

வெண்கலத்துக்கு வீரியமான கந்தகம் ஆகாது. இரும்பைவிடச் செம்போடு அது எளிதாகச் சேரும், குளிர்ந்த நிலையிலேயே சேரும், சக்கரம் கருத்து அரிபடும். எண்ணெயின் தாளில் செம்புத் தகடு சோதனை முடிவைப் பாருங்கள். 1ஏ என்றால் செம்பின் நிறம் கிட்டத்தட்ட மாறவில்லை, 4சி வரை போனால் கறுத்துவிட்டது என்று பொருள். வழக்கமாக 100 டிகிரியில் 3 மணி நேரம் வைப்பார்கள். உங்கள் கியர்பாக்ஸ் அதைவிடக் குறைந்த சூட்டில், ஆனால் வருடக்கணக்கில் ஓடும் என்பதையும் மனதில் வையுங்கள். வொர்மில் உருளல் குறைவு, கிட்டத்தட்ட முழுதும் சறுக்கல்தான். கொழுப்பு கலந்த சிலிண்டர் எண்ணெய் அல்லது பாலிகிளைக்கால் என்ற செயற்கை எண்ணெய் வகை அங்கே பொருந்தும். பாலிகிளைக்காலை மினரல் எண்ணெயோடு கலக்கக் கூடாது, பழையதை முழுக்கக் கழுவி எடுத்த பிறகுதான் ஊற்ற வேண்டும்.

குப்பி விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வேண்டாம். உலோகப் பரப்பில் இடம் கொஞ்சம்தான். துருத் தடுப்பு, உராய்வுக் குறைப்பு, தேய்மானத் தடுப்பு, ஈபி எல்லாம் அந்த ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. எண்ணெய் தயாரிப்பவர் அந்தப் போட்டியைச் சரிக்கட்டித்தான் கலவையை முடித்திருப்பார். வெளியிலிருந்து ஒரு குப்பி ஊற்றினால் யார் இடத்தை யார் பிடிப்பார் என்று தெரியாது. சில குப்பிகளில் குளோரினேற்றிய பாரஃபின் இருக்கும். செய்து காட்டும் சோதனையில் பிரமாதமாகத் தெரியும். ஈரம் சேர்ந்தால் அதிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் வரும், பேரிங் துருப்பிடிக்கும். ஸ்கஃபிங்கிலிருந்து காப்பாற்றிவிட்டு அரிப்பில் கொண்டுபோய்த் தள்ளுகிற மருந்து அது.

பல்சக்கரன் | வெள்ளி, காலை 7:10

இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். இந்தச் செட்டைக் கழற்றி எறிய முடியாது. மூன்றாவது கியர்பாக்ஸ் ஒன்றுக்கும் அடுத்த மாதம் புதுச் செட் போடப் போகிறோம். அதில் இதே தவறு நடக்கக் கூடாது.

தேய்மானவியல் | வெள்ளி, இரவு 10:20

முதலில் இப்போதைய பல்லைப் பதிவு செய்யுங்கள். சிலிக்கோன் பசையைப் பல்லில் அழுத்தி அச்சு எடுத்து வையுங்கள். மூன்று பற்களுக்கு எண் போட்டு, எப்போதும் அதே மூன்றில் எடுங்கள். கண் ஏமாற்றும், அச்சு ஏமாற்றாது. பட்டை வளர்கிறதா, நின்றுவிட்டதா என்பதுதான் முக்கியம். நின்றுவிட்டால் அந்தக் கியர் இன்னும் பல வருடம் ஓடலாம். வளர்ந்துகொண்டே போனால் பல்லின் வடிவம் மாறும், சத்தம் வரும், அங்கிருந்து பெரிய குழியும் தொடங்கும்.

அடுத்தது எண்ணெயின் சூடு. விஜி 320 எண்ணெயை 70 டிகிரியிலிருந்து 60-க்கு இறக்கினாலே பாகுத்தன்மை சுமார் ஒன்றரை மடங்கு ஆகும். படலத் தடிமன் அதே விகிதத்தில் ஏறாது. பாகுத்தன்மை இரட்டிப்பானால் தடிமன் 1.6 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் லாம்டா 0.35-ல் தவிக்கும் பல்லுக்கு அது பெரிய உதவி. குளிர்விப்பான் அடைத்திருக்கிறதா, மேலே தூசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் அடிட்டிவை மாற்றுவதைவிட இது அதிகம் செய்யும்.

புதுச் செட்டுக்கு, முடிந்தால் பற்களை சூப்பர் ஃபினிஷிங் செய்து வாங்குங்கள். சொரசொரப்பு 0.1 அளவுக்கு இறங்கிவிட்டால் முகடே இல்லை, பாதுகாக்க வேண்டியதும் இல்லை. அது கிடைக்காவிட்டால் ரன்னிங்-இன் ஒழுங்காகச் செய்யுங்கள். பாதிப் பாரத்தில் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, முதல் எண்ணெயை வடித்து, வடிகட்டியையும் மாற்றிவிட்டு, அப்புறம் முழுப் பாரம். அதற்குப் பிறகு ஊற்றும் எண்ணெய்க்கு எஃப்விஏ 54 முடிவைக் கேட்டு வாங்குங்கள்.

உராய்வையே குறைக்கும் அடிட்டிவும் ஒரு வழி. கரையும் மாலிப்டினம் சேர்மமான எம்ஓடிடிசி உரசும் இடத்தில் மாலிப்டினம் டைசல்ஃபைடு தகடுகளை உண்டாக்கும். உராய்வுக் குணகம் 0.12 அளவிலிருந்து 0.05 பக்கம் இறங்கும். முகடு இழுக்கும் இழுப்பு குறைவதால் விரிசலும் குறைகிறது, இம்பீரியல் சோதனைகளில் இதையும் பார்த்தார்கள். ஆனால் வைரம் போன்ற கார்பன் பூச்சு உள்ள பாகம் எங்காவது இருந்தால் எச்சரிக்கை. அந்தப் பூச்சை எம்ஓடிடிசி வேகமாகத் தேய்த்துவிடுவதும் உண்டு.

பழைய ஃபிட்டர் | சனி, காலை 6:05

ரன்னிங்-இன் எண்ணெய்க்கு ஒரு எச்சரிக்கை. அடிட்டிவே இல்லாத எண்ணெயில் முழுப் பாரம் கொடுத்துவிடாதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு கியர் என் கண் முன்னால் போனது. காலையில் ஓட்டினோம், சாப்பாட்டு நேரத்துக்குள் பல் முழுக்க மேலும் கீழுமாகக் கீறல், உலோகம் ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்குப் போய் அப்பியிருந்தது. எண்ணெயில் கையை விட்டால் மினுமினுவென்று இரும்புப் பொடி. அந்த எண்ணெயின் வாசனை இன்னும் மறக்கவில்லை. மிதமான அடிட்டிவாவது இருக்கட்டும். முதல் நாள் முழுக்கப் பக்கத்திலேயே ஆள் நிற்கட்டும், சூட்டைக் குறித்துக்கொண்டே இருக்கட்டும்.

தேய்மானவியல் | சனி, காலை 8:30

ஐயா சொன்னதை நான் எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். ரயில் தண்டவாளத்திலும் இதே சமன்பாடுதான். தேய்மானத்தை மிகவும் குறைத்துவிட்டால், மேல் அடுக்கில் வரும் களைப்பு விரிசல்கள் தேய்ந்து போக வழியில்லாமல் உள்ளே வளர்கின்றன. அதனால்தான் எந்திரம் வைத்துத் தண்டவாளத்தின் மேல்பரப்பை அவ்வப்போது மெல்லச் சீவி எடுக்கிறார்கள். தேய்மானம் கூடினாலும் ஆபத்து, தேய்மானமே இல்லாவிட்டாலும் ஆபத்து. கியரில் அந்த அளவான தேய்மானத்தை முதல் நாட்களில் அனுமதித்து, பிறகு நிறுத்த வேண்டும். நிறுத்தும் வேலைக்கு அடிட்டிவ் நல்ல கருவி. தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டால்தான் சிக்கல்.

எண்ணெய்க்கேணி | திங்கள், மாலை 5:15

தயாரிப்பாளரிடமிருந்து பதில் வந்தது. நான் விற்கும் இரண்டு கியர் எண்ணெயில் ஒன்றுக்கு எஃப்விஏ 54-ல் பத்தாவது படி வரை தாங்கிய முடிவு இருக்கிறது. இன்னொன்றுக்கு அந்தச் சோதனையே செய்யவில்லை. இரண்டாவதுக்குத்தான் வெல்டு பாரம் அதிகம், இத்தனை வருடம் அதையே மேல் என்று சொல்லி விற்றேன். இனி மெதுவான, கேஸ் ஹார்டன் செய்த கியர் என்று யார் வந்தாலும் முதலாவதைத்தான் காட்டுவேன். முதல் நாள் கறை என்று சொல்லித் தைரியம் கொடுத்ததற்கு பல்சக்கரனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பல்சக்கரன் | நான்கு மாதம் கழித்து, ஞாயிறு, காலை 11:00

இந்த இழையை முடிக்காமல் விட மனம் வரவில்லை.

முதல் கியர்பாக்ஸ்: குளிர்விப்பானைத் திறந்தால் உள்ளே பாதிக் குழாய் அடைத்திருந்தது. சுத்தம் செய்ததும் எண்ணெயின் சூடு 74-லிருந்து 62-க்கு இறங்கியது. எண்ணெயையும் எஃப்விஏ 54 முடிவு உள்ளதாக மாற்றினேன். எண் போட்ட மூன்று பற்களில் மாதம் ஒரு அச்சு. நான்கு அச்சையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பட்டையின் அகலம் முதல் மாதம் கொஞ்சம் கூடியது, பிறகு மூன்று மாதமாக அப்படியே இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியதால் சூடு காப்பாற்றியதா, எண்ணெய் காப்பாற்றியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதை முன்பே யோசித்திருக்க வேண்டும்.

மூன்றாவது கியர்பாக்ஸ்: புதுச் செட்டை மிதமான எண்ணெயில் பாதிப் பாரத்தில் தொடங்கி மூன்று நாள் ஓட்டினோம். முதல் நாள் முழுக்கப் பக்கத்திலேயே நின்றேன், அரை மணிக்கு ஒரு முறை சூட்டைக் குறித்தேன். வடித்த எண்ணெய் மெல்லிய சாம்பல் நிறத்தில் இருந்தது, வடிகட்டியில் மாவு போல நுண்ணிய இரும்பு, செதில் எதுவும் இல்லை. பிறகு நல்ல எண்ணெய், முழுப் பாரம். நேற்று மூடியைத் திறந்து டார்ச்சை எல்லாக் கோணத்திலும் சாய்த்துப் பார்த்தேன். கிரைண்டிங் கோடுகள் பிட்ச் கோட்டில் மட்டும் லேசாகத் தெரிகின்றன, மேலும் கீழும் மழுங்கிப் பளபளக்கின்றன. பிட்ச் கோட்டில் சறுக்கல் இல்லை என்று அக்கா எழுதியதை அந்தப் பல்லில் கண்ணால் பார்த்தேன்.

தேய்மானவியல் | ஞாயிறு, பிற்பகல் 3:25

அந்த அச்சுகளைப் பத்திரமாக வையுங்கள். ஆறாவது மாதமும் ஒன்று எடுத்து, முதல் அச்சோடு ஒப்பிட்டு இங்கேயே எழுதுங்கள்.